கரிக்கோடு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். நட்பு, நிலா, பஸ் ஸ்டாப்... எல்லாத் தலைப்பையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று பால். இன்னொன்று, இந்த மூன்று வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட புரோகிராம். இரண்டும் ஒருநாள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். புரோகிராமுக்குள் 'லாகிங்' என்று ஒன்றை எப்படி வைப்பது, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எப்படித் திருப்புவது என்ற பாடமும் இதற்குள் வருகிறது. மெக்கானிகல், சிவில் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம்!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மாவுக்கு இரண்டு மாடு. விடியற்காலையிலும் சாயங்காலமும் கறந்து ஊர்ப் பால் சங்கத்தில் ஊற்றுவார். அம்மாவுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் என்ன? அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் கணக்கு வைப்பார். ஒரு லிட்டருக்கு ஒரு முழுக்கோடு. அரை லிட்டருக்கு அரைக்கோடு. காலுக்கு ஒரு புள்ளி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் டிப்ளமோ சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். "ஏம்மா, இன்னும் கரியிலயே கோடு போட்டுக்கிட்டு இருக்கே?" என்பேன். "உம்பட கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் இருக்கட்டும் சாமி" என்பார்.

வந்தது! மூன்றாம் ஆண்டு பிராஜக்டுக்கு எங்கள் குழு நாலு பேரும் அந்தப் பால் சங்கத்தையே எடுத்துக்கொண்டோம். அதுவரை அங்கே நோட்டில்தான் எழுதினார்கள். சங்கத்தில் ஒரு பழைய கணிப்பொறி சும்மா கிடந்தது. லிட்டராகவே காட்டும் மின்னணுத் தராசும் இருந்தது. தராசிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கணிப்பொறியில் மாட்டினோம். பைதான் மொழியில் புரோகிராம் எழுதினோம். பால் கேனைத் தராசில் வைப்பார்கள், டெஸ்டர் அக்கா உறுப்பினர் எண்ணைத் தட்டி எண்டர் அழுத்துவார், சீட்டு வரும். ரிவியூவில் ஸார்கள் பாராட்டினார்கள். ஒரே ஒரு குறை சொன்னார்கள். புரோகிராம் ஓடும்போது பின்னால் ஒரு கறுப்புத் திரையில் கண்ட கண்ட வரிகள் ஓடுகின்றன, அதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அவை நாங்கள் சோதனைக்காக அங்கங்கே போட்டிருந்த 'பிரிண்ட்' வரிகள். எல்லாவற்றையும் அழித்தோம். திரை சுத்தமானது. புரோகிராமின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் பட்டுவாடா வந்தது. அம்மா சங்கத்துத் தாளை என்னிடம் நீட்டி, "மொத்தம் எவ்வளவு போட்டிருக்குது, படி" என்றார். படித்தேன். சுவரைப் பார்த்தார். மறுபடி கோடுகளை எண்ணினார்.

"ஒண்ணேகா லிட்டர் குறையுது சாமி."

"நீ எங்கேயாவது தப்பா கோடு போட்டிருப்பேம்மா."

"எம்பட கை பொய் சொல்லாது. புதங்கெழம காத்தால ஆறே முக்கா. தாள்ல எவ்வளவு?"

தாளில் ஆறு என்று இருந்தது. இன்னொரு வேளை ஐந்தரை லிட்டர், தாளில் ஐந்து. மற்ற எல்லா வேளையும் சுவரும் தாளும் சரியாக இருந்தன. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாளே சங்கத்து வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவருக்கு அரை லிட்டர், ஒருவருக்கு முக்கால். யாரும் கணிப்பொறியைச் சந்தேகப்படவில்லை. கணிப்பொறி பொய் சொல்லுமா என்ன! எல்லார் கண்ணும் டெஸ்டர் அக்கா மேல் போனது. "நோட்டுல எழுதறப்ப சரியா இருந்துச்சு, இப்ப எப்படிக் குறையும்? கை வெக்கறா" என்று ஒரு பாட்டி நேராகவே சொல்லிவிட்டார். அக்கா தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவர். அவர் அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான எழுதுன? நான் என்ன பண்ணுனேன்னு அதுக்குத் தெரியுமில்ல? அதையே கேட்டுச் சொல்லு" என்றார்.

நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. புரோகிராம் எதையும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் வந்த எண் மட்டும் இருந்தது, அது எப்படி வந்தது என்பது இல்லை. செயலாளர் அய்யா, "அடுத்த பட்டுவாடாக்குள்ள கண்டுபுடி. இல்லேன்னா வேற ஆளப் போட்டுட்டுப் பழையபடி நோட்டுக்கே போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாள்.

லேபில் எங்கள் ஸாரிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அப்சர்வேஷன் நோட் எதுக்கு, ரெக்கார்டு நோட் எதுக்கு?"

"அப்சர்வேஷன்ல மீட்டர்ல வர்றதை அப்படியே எழுதணும் ஸார். ரெக்கார்டுல முடிவை அழகா எழுதணும்."

"உன் புரோகிராம்ல ரெக்கார்டு மட்டும்தான் இருக்கு. அப்சர்வேஷன் நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டே" என்றார்.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். 'லாக்' என்றால் மரக்கட்டை. அந்தக் காலத்து மாலுமிகள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அதை எழுதி வைத்த புத்தகம் லாக் புக். கணிப்பொறிக்கும் அதே பழக்கம் வந்தது. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் சிக்கிய பூச்சியை எடுத்து, அங்கிருந்தவர்கள் அதை லாக் புக்கிலேயே டேப் போட்டு ஒட்டி, நேரத்தோடு எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது!

பைதான் மொழியில் இதற்கென்றே 'லாகிங்' என்ற பகுதி 2003-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் மூன்று உறுப்புகள் முக்கியம். செய்தியை வாங்கிக்கொள்வது லாகர். அதைக் கோப்புக்கோ திரைக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது ஹேண்ட்லர். எந்த வடிவில் எழுதுவது, நேரம் போடுவதா, பெயர் போடுவதா என்று சொல்வது ஃபார்மேட்டர்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தரம் உண்டு. டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எர்ரர் 40, கிரிட்டிக்கல் 50. லாகருக்கு 20 என்று வைத்தால் 20-ம் அதற்கு மேலும்தான் உள்ளே போகும், டீபக் வரிகள் வாசலிலேயே நின்றுவிடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பைதான் வார்னிங் முதல்தான் காட்டும். ஹேண்ட்லருக்கும் தனியாக ஒரு தரம் வைக்கலாம். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டு வயல் மடையை அடைத்து வைத்தால் தண்ணீர் பாயுமா? லாகர், ஹேண்ட்லர் இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, லாகருக்குப் பெயர் வைக்கலாம். நான் 'சங்கம்' என்று ஒரு தாய் லாகரும், அதன் கீழே புள்ளி வைத்து 'சங்கம்.தராசு', 'சங்கம்.சீட்டு', 'சங்கம்.கணக்கு' என்று மூன்று பிள்ளை லாகர்களும் வைத்தேன். பிள்ளைக்கு வருகிற செய்தி தாய்க்கும் போகும். அதனால் கோப்பு ஹேண்ட்லரைத் தாயிடம் ஒன்று மாட்டினால் போதும். பிள்ளை ஒவ்வொன்றின் தரத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் டீபக்கில் போட்டு ஓட விட்டால் வேலை முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் தராசு ஒரு நொடிக்குப் பத்துத் தடவை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டு மணி வரை ஒன்பதாயிரம் நொடி. தொண்ணூறாயிரம் வரி! அதுவும் தராசிலிருந்து வருவது மட்டும். பழைய கணிப்பொறி மூச்சு வாங்கியது. சீட்டு வரத் தாமதமாகி வரிசையில் திட்டு விழுந்தது. அந்த வைக்கோல் போரில் ஊசியைத் தேட எனக்கும் தெரியவில்லை.

தேவைப்படும்போது மட்டும் தராசை டீபக்குக்கு ஏற்ற வேண்டும், பிறகு இறக்க வேண்டும். ஆனால் புரோகிராமை நிறுத்தக் கூடாது. "ஏழரைக்குப் பால் வண்டி வந்துரும் தம்பி. நிறுத்தறேன் கிறுத்தறேன்னு சொல்லாதே" என்று செயலாளர் அய்யா முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த மெஷினில் நிறுத்தித் திரும்ப ஏற்ற நாலு நிமிஷம் ஆகும். அதனால் ஓடும்போதே மாற்றுவதற்கு எஃப்-12 விசையை வைத்தேன். ஒருமுறை அழுத்தினால் தராசு லாகர் டீபக். மறுமுறை அழுத்தினால் இன்ஃபோ.

முதல் நாள். பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, விசையை அழுத்தினால் மொத்த லாகிங் அமைப்பையும் புதிதாக ஏற்றும்படி 'டிக்ட்கான்ஃபிக்' என்ற வழியில் எழுதியிருந்தேன். அக்கா அழுத்தினார். லாக் கோப்பில் தராசு வரி ஒன்றுகூட இல்லை. அதுவரை வந்துகொண்டிருந்த சீட்டு வரிகளும் நின்றுபோயின. ஒரு காலை முழுக்க வீண். சாயங்காலம் லேபில் மேனுவலைப் படித்த பிறகுதான் விளங்கியது. புது அமைப்பை ஏற்றும்போது, அதில் நாம் பெயர் சொல்லாத பழைய லாகர்களை அது முடக்கிவிடும். முடக்காதே என்று நாமே ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். தாயின் பெயரைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். நான் தாயின் பெயரிலேயே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தேன்.

இரண்டாம் நாள். அந்த வழியை விட்டேன். விசை அழுத்தினால் ஒரு புது ஹேண்ட்லரை மாட்டித் தரத்தை மாற்றும்படி எழுதினேன். அக்கா சரியாக அழுந்தவில்லையோ என்று நாலைந்து தடவை அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ஹேண்ட்லர் கூடியது. ஒரே வரி, பால்வாடிப் பிள்ளைகள் பாட்டுச் சொல்வதுபோல ஐந்து தடவை எழுதியிருந்தது! எது உண்மையில் வந்தது, எது திரும்ப எழுதியது என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் புத்தி வந்தது. ஹேண்ட்லரைப் புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒருமுறை மாட்டினேன். கோப்பு ஒரு அளவைத் தாண்டினால் தானே அடுத்த கோப்புக்கு மாறும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் தரத்தை டீபக்கிலேயே திறந்து வைத்தேன். எஃப்-12 செய்வது ஒரே வேலை. தராசு லாகரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதன் தரத்தை மாற்றும். ஒரே பெயரில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதே லாகர்தான் வரும் என்பதால் எந்த இடத்திலிருந்தும் மாற்றலாம். அணைக்க மறந்தால் பத்து நிமிஷத்தில் தானே இன்ஃபோவுக்கு இறங்கும்படியும் வைத்தேன். மூடிக் கிடக்கும் டீபக் வரிகளால் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. தரத்தைப் பார்த்ததுமே திரும்பிவிடும், செய்தியைக் கோர்க்கும் வேலையைச் செய்யாது.

அன்று காலை அம்மாவோடு நானும் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டம் சேர்ந்ததும் அக்கா எஃப்-12 அழுத்தினார். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு எட்டரை லிட்டர். சீட்டில் எட்டு! நான் சத்தம் போடவில்லை. மூலைக்கு ஓடி லாக் கோப்பைத் திறந்தேன். 5:58:41 என்ற நேரத்தில் தராசிலிருந்து வந்த எழுத்துகள் வரிசையாக இருந்தன. 8.50, 8.50, 8.50, அதற்குப் பிறகு '8.' என்று புள்ளியோடு நின்றுபோன ஒரு வரி. அந்த நொடியில்தான் அக்கா எண்டர் அழுத்தியிருக்கிறார்.

புரிகிறதா நண்பர்களே? தராசு எழுத்து எழுத்தாகத்தான் அனுப்பும். எண்டர் அழுத்தும்போது அதுவரை வந்து சேர்ந்ததை எடுத்து, கடைசி வரியை எடை என்று வைத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். வரி முடிந்ததா என்று பார்க்கவே இல்லை. '8.' என்பதைப் பைதான் மறுபேச்சில்லாமல் எட்டு என்று எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு லிட்டர் 'ஒன்று' என்று வந்திருந்தால் அக்கா அப்போதே கவனித்துத் திரும்ப அழுத்தியிருப்பார். ஆறே முக்கால் ஆறானால் அந்த அவசரத்தில் யார் கண்ணில் படும்? தராசு திருடவில்லை. அக்கா திருடவில்லை. என் ஒரு வரி திருடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே திருத்தினேன். முழுதாக முடிந்த வரியை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வரி ஒன்றாக இருந்தால்தான் ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் வார்னிங் எழுத வேண்டும். ஒவ்வொரு கேனுக்கும் வந்த எழுத்தும் எடுத்த எண்ணும் இன்ஃபோவில் பதிவாக வேண்டும். சீட்டிலும் எண்ணைப் பெரிதாக்கினேன்.

மறுநாள் காலை வரிசை முன்னால் நின்று, "தப்பு என்னுடையது, அக்கா மேல் தப்பில்லை" என்று சொன்னேன். அதைவிடக் கஷ்டமான வைவாவை நான் சந்தித்ததில்லை. செயலாளர் அய்யா நல்லவர். கணக்குக் காட்டுகிறவர்களுக்குக் குறைந்ததைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நோட்டுக் கொண்டுவந்தார்கள், காலண்டர் கொண்டுவந்தார்கள். எங்கள் அம்மா சுவரைத் துடைக்காமல் வைத்திருந்தார். செயலாளரே வந்து எண்ணிவிட்டுப் போனார். ஆனால் எதிலும் எழுதி வைக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க எந்தச் சாட்சியும் இல்லை. முதல் பதினைந்து நாளில் எத்தனை கேனில் எவ்வளவு போனது என்று என் புரோகிராமால் இன்றுவரை சொல்ல முடியாது. நான் பிரிண்ட் வரிகளை அழித்துவிட்டேனே!

"கோடு போடாதவிய என்ன சாமி பண்ணுவாங்க?" என்று அம்மா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஸாரிடம் இதைச் சொன்னபோது இன்னொரு எச்சரிக்கையும் கொடுத்தார். லாக் எழுதுவதிலும் ஆபத்து உண்டு. 2021 டிசம்பரில் ஜாவா புரோகிராம்கள் பலவற்றில் இருக்கும் 'லாக்4ஜே' என்ற லாகிங் தொகுப்பில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. வெளியிலிருந்து வரும் எழுத்தைச் சும்மா எழுதி வைக்காமல், அதற்குள் இருக்கும் கட்டளையை அது நிறைவேற்றப் போனது. வேண்டாதவன் ஒரு வரி அனுப்பினால் போதும், சர்வரையே பிடித்துவிடலாம். ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று போட்டார்கள். "கணக்கு எழுதுறவன் எழுதத்தான் செய்யணும், சொன்னதையெல்லாம் செய்யக் கூடாது" என்றார் ஸார். பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு எண் போன்றவற்றை லாகில் எழுதவே கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிராஜக்ட் தொடங்குகிற அன்றே லாகிங் வையுங்கள். பகுதிக்கு ஒரு பெயர் கொடுங்கள். ஹேண்ட்லரை ஒரே இடத்தில் ஒரே தடவை மாட்டுங்கள். நிறுத்தாமல் தரத்தை மாற்ற ஒரு வழி வையுங்கள். அந்த வழியை வீட்டிலேயே நாலு தடவை அழுத்திப் பாருங்கள். ரிவியூவுக்குத் திரை அழகாக இருக்க வேண்டும் என்று வாயைக் கட்டிவிடாதீர்கள். உங்கள் புரோகிராமுக்கு முன்னால் யாரோ ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். கேள்வி வரும்போது அவருக்காகப் பேச அந்த வரிகளைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அக்கா இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் கரிக்கோடு இருக்கிறது. நான் இப்போது சிரிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சீட்டைப் படித்துச் சொல்கிறேன், அம்மா கோடு போடுகிறார்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணிப்பொறிப் பொறியியல் துறை